நாலாம் இலக்கக் கயிறு

மழை கேட்டேன். யூரியா கேட்டேன்.
நெல்லினம், விதைத்த கிழமை,
வாய்க்கால் வாயிலிருந்து வயல் எத்தனை யார்,
எல்லாம் கேட்டுத்தான் என் சமன்பாடு
முத்தையன்கட்டுக்குக் கீழே
ஏக்கருக்கு எண்பது புசல் என்றது.

வயல் வேறு சொன்னது.
வயல் சொன்னதில் சமன்பாடு சொன்னதைக் கழித்தால்
வருவது எச்சம்.
காகம் இட்டாலும் அதே சொல்தான்.
இரண்டையும் துடைக்கத்தான்
கை முதலில் போகிறது.

பரந்தன் கந்தோரில் கறண்ட் போன மத்தியானம்
மடிக்கணினியில் மிஞ்சியிருந்த உயிரில்
எச்சங்களைக் காரணம் காரணமாகப் பிரித்து
பெட்டி பெட்டியாக அடுக்கினேன்.
பெட்டிக்குள்ளே இடையம், ஒரு கோடு.
மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் காலணைகள்.
இரு பக்கமும் மீசை.
மீசைக்கும் எட்டாமல் நிற்பவை
வெறும் புள்ளி.

மண்ணால் பிரித்தேன். பூச்சியக் கோட்டில்
பெட்டிகள் குந்தியிருந்தன,
பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி.
நெல்லினத்தால் பிரித்தேன், அப்படியே.
யானைவேலி உண்டா, இல்லையா?
இல்லாத பெட்டிக்குக் கீழ்மீசை நீளம்.
அது யாருடைய மீசையென்று விளங்கிற்று.

கடைசியாக, பிரிக்க வேறொன்றும் இல்லாததால்,
அளந்தவரின் இலக்கத்தால்.

ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு
கோட்டில்.
நாலு மட்டும் ஐந்து புசல் கீழே,
கிணற்றுக்குள் விட்ட வாளி.

நாலாம் இலக்கம் செபமாலை டிலக்சன்.
முல்லைத்தீவுக் கடற்கரைப் பெடியன்.
நெல்லைக் கிட்டப் பார்த்ததே
இந்த வேலைக்கு வந்துதான் என்பான்.
எழுபத்தாறு புசலுக்குக் குறைந்தால் நட்டஈடு என்று
சுற்றறிக்கை வந்த காலபோகம் அது.
அவன் பகுதியில் மட்டும்
நாற்பத்தொரு குடும்பம் காசு எடுத்திருந்தது.

ஒரு பெட்டியைப் பார்த்து
ஒரு பெடியனைக் கள்ளன் என்று முடிவெடுக்க
எத்தனை நிமிடம் வேண்டும்?
எனக்கு நாலு போதுமாயிருந்தது.

மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான் வரை
ஸ்கூட்டியில் செம்புழுதி.
தலைக்கவசத்துக்குள்
கேள்விகளை எழுதி எழுதி அழித்தேன்.
போய் இறங்கியதும்
"கயிற்றை எடும்" என்பது மட்டும் வந்தது.

பதினைந்தடிக்குப் பதினைந்தடி,
நாலு மூலைக்கும் சிவப்புத்துணி,
ஆறு பேருக்கும் ஒரே நாளில் கொடுத்தது.
வரம்பில் நீட்டி நாடா பிடித்தேன்.
அறுபது இருக்கவேண்டிய சுற்று
ஐம்பத்தெட்டு.
பக்கத்துக்கு ஒரு முடிச்சு,
முடிச்சுக்கு அரையடி.

"எலி, மிஸ். ஸ்டோரில வச்சனான்.
கடிச்சதை வெட்டிப்போட்டுக் கட்டினனான்."

எலி இவ்வளவு நியாயமாகக் கடிக்குமா?
சுருட்டி வைத்த கயிறென்றால்
ஒரு கடியில் நாலு இடம் அறும்தான்.
வலை முடிகிற வீட்டு முடிச்சு.
இழுத்துப் பார்த்தேன், இம்மியும் நழுவவில்லை.
அவன் முகத்தையும் இழுத்துப் பார்த்தேன்.
அதுவும்.

திரும்பி வந்து
இருநூற்றிருபத்தைந்தை
இருநூற்றுப்பத்தேகாலால் வகுத்து
நாலாம் பெட்டியின் எண்களைப் பெருக்கினேன்.
வாளி மேலே வந்தது, கோட்டில் குந்திற்று.
அறிக்கையில் "கருவிப் பிழை" என்று எழுதினேன்.
நட்டஈட்டுப் பட்டியல் வேறு கந்தோரில்.
அவர்கள் என்னைக் கேட்கவில்லை.
நானாகச் சொல்லவுமில்லை.

ஒரு புள்ளி மட்டும் ஏறவில்லை.
திருத்திய பிறகும் மீசைக்குக் கீழே, வெகு கீழே.
படிவத்தைத் தேடி எடுத்தேன்.
தவமலர், ஒன்றரை ஏக்கர்.
குலுக்கிப் போட்ட சதுரம் நடுவயலில் விழுந்திருக்கிறது.
குறிப்புக் கட்டத்தில் டிலக்சனின் பென்சில்:
"நடுத்துண்டு விதைக்கேல்லை.
ஒவ்வொரு வருசமும் விதைக்கிறேல்லையாம்.
ஏனெண்டு நான் கேக்கேல்லை."

மழை கேட்டவள், யூரியா கேட்டவள்,
இதற்கு எந்தப் பெட்டி?

பள்ளியில் ஓர் எச்சம் படித்தோம்,
வினை முடியாமல் நிற்கும்,
முடிக்கிற சொல் பின்னால் வரவேண்டும்.
மூன்றாம் முறையும் கறண்ட் போய்
திரையும் அணைந்தது.
தவமலர், ஒட்டுசுட்டானில்,
சுற்றிவர நெல் விளைந்த வயலின் நடுவே
அந்தத் துண்டை மட்டும்
விதைக்காமல்